ரப்பர் புஷ்ஷும் முதல் பூசையும்

மூன்று துண்டுகளும் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன. கறுப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் போல்ட் நுழைய ஓட்டை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் கை சிவப்புப் பேனாவுக்குப் போகாமல் இழுப்பறைக்குப் போகிறது. எடுத்து அழுத்திப் பார்க்கிறேன். கறுப்பு அமுங்கும். ஆரஞ்சு மனமில்லாமல் கொஞ்சம் அமுங்கும். வெள்ளை அமுங்கவே அமுங்காது. எப்போதும் இதே வரிசையில்தான் அழுத்துகிறேன், எதற்கென்று தெரியவில்லை.

இவற்றுக்குப் பெயர் புஷ். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் இருக்க நடுவில் வைக்கிற மெத்தை. ஒரு காரில் இப்படி இருபதுக்கு மேல் இருக்கும் என்பது ஒரு வருடம் முன்பு வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

என் மகளுக்கு இருபத்தேழு வயது. கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் டிசைன் வேலை. அவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன வருடம் அவளைவிட நான்கு வயது மூத்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து நின்றாள். இரண்டே சீட். செய்த கம்பெனியே எப்போதோ அந்த மாடலை மறந்துவிட்டது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "கல்யாணமானா மாப்பிள்ளைக்கு எடம் இருக்குது, மாமியாருக்கு இல்ல. வெவரந்தான்," என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து பார்த்தபோது தெருவில் நின்றிருந்த லாரியின் சக்கரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் நட்டுகளை எண்ண முடிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவாள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மஞ்சவாடி கணவாய் இறங்கி, சேலம் வழியாகப் போவாள். அவள் கிளம்பியதிலிருந்து "வந்துட்டேன்" என்று செய்தி வரும்வரை நான் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். அடுப்பு மேடை, ஃபிரிட்ஜின் கதவு ரப்பர், ஏற்கெனவே துடைத்த தம்ளர்.

ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள், பின்பக்கம் ஏதோ கிறீச்சென்று சத்தம் வருகிறது, அடுத்த முறை பார்க்க வேண்டும் என்று. எனக்கு அந்த அடுத்த முறை வரை பொறுக்கவில்லை.

எங்கள் மாதா கோவிலுக்கு இருநூறு அடி முன்னால் ஒரு வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போகும்போது வண்டியை அங்கே விட்டுவிட்டு, பூசை முடிந்து வரும்போது எடுத்துக்கொள்வது இங்கே பலருக்கு வழக்கம். என் பழைய சின்ன காரையும் அப்படித்தான் பல வருடமாக விடுகிறேன். கழுவி முடித்ததும் மேடையில் ஏற்றி, டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து அடிப்பக்கம் முழுக்க ஸ்பிரே அடிப்பார்கள். துரு பிடிக்காது, சத்தம் வராது. ஸ்கூல் வேன் முதல் தக்காளி ஏற்றுகிற டெம்போ வரை எல்லாவற்றுக்கும் அடிப்பதுதான்.

அந்த ஞாயிறு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு முதல் பூசைக்குப் போனேன்.

"டீச்சர், குட்டி வண்டிக்கு அடியில ஆயில் அடிச்சிரட்டுங்களா?" என்று கேட்டார் வாட்டர் சர்வீஸ்காரர்.

"நல்லா அடிங்க," என்றேன்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது கம்ப்ரஸர் சத்தம் கோவிலுக்குள் கேட்டது. அவளுக்காக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று மனது கொஞ்சம் அடங்கியது. வீட்டுக்கு வந்து சாவியை அதே பையில் அதே அறையில் போட்டேன். அவள் எழுந்து, "என்னமா காரு பளபளங்குது?" என்றாள். "தண்ணி ஊத்திக் கழுவினேன்," என்றேன். பாதி உண்மை. அன்றைக்குக் கிறீச் சத்தமும் வரவில்லை.

பிறகு அது பழக்கமானது. ஐந்து முறை அடித்திருப்பேன். மகளிடம் ஏன் சொல்லவில்லை? அவள் அந்த வண்டியில் யாரையும் கை வைக்க விடமாட்டாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அந்த வண்டியை ஓட்டப் பிடித்திருந்தது. காலை வெயில் வராத நேரத்தில், கைக்கு அடக்கமான ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கோவிலுக்கு நேராகப் போகாமல் பொம்மிடி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவேன். அவள் ஓட்டினால் பயந்து நடுங்குகிற நான், என் கையில் இருந்தபோது பயப்படவில்லை.

அந்த மாதங்களில் அவள் ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து கிளம்பிச் சேலம் போவதற்குள் ஆயில் கருகுகிற வாசனை வருகிறது என்றாள். எஞ்சினில் எங்கேயோ கசிகிறது என்று சொல்லி கேஸ்கட் மாற்றினாள். அடுத்த முறையும் வந்தது. சூடான சைலன்சரில் பட்ட ஆயில்தான் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம். அவள் கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண் குரல்.

"உங்க பொண்ணு நல்லாத்தாங்க இருக்குது. பயப்படாதீங்க."

இளநீர் விற்கிற அம்மா. கணவாய் வளைவில் வண்டி சுற்றி, பின்பக்கம் தடுப்புச் சுவரில் இடித்து நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ பிரேக் பிடித்துவிட்டார். மகளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு, வேறொன்றும் இல்லை. அந்த அம்மா நல்ல செய்தியைத்தான் முதலில் சொன்னார். ஆனால் இன்றைக்கும் தெரியாத எண் வந்தால் என் விரல் திரையைத் தொட மறுக்கிறது. போனை எடுப்பதில்லை என்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்னைத் திட்டாத மாதம் இல்லை.

கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்து அவள் சொன்னது ஒன்றேதான்.

"என் தப்புமா. வளைவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டேன். அந்த மாதிரி வண்டியில எடுக்கக் கூடாது, பின்பக்கம் சுத்திக்கும். தெரிஞ்சும் எடுத்துட்டேன்."

பார்க்க வந்த எல்லோரிடமும் இதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது இன்னும் உறுதியானது. கட்டுப் பிரித்த பிறகும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என் சின்ன காரைக்கூட ஓட்ட மாட்டேன் என்றாள். பஸ்ஸில் வந்தாள், பஸ்ஸில் போனாள். ஒருமுறை சேலம் வரை கூடப் போனேன். கணவாய் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத பெடலை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தாள். காலை எடுக்கவே இல்லை.

அவள் முழங்கால்மேல் கையை வைத்தேன். மனதின் அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி அந்த வண்டி இல்லை. ஞாயிறு மதியம் எதையும் துடைக்க வேண்டியதில்லை.

வண்டி இங்கேயே ஒரு மெக்கானிக் பட்டறையில் கிடந்தது. அவர் பெங்களூரில் பத்து வருடம் ரேஸ் வண்டி வேலை பார்த்தவர். இப்போது ஜீப்பும் டிராக்டரும் பார்க்கிறார். அந்தப் பக்கத்துக் கன்னடம் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும். தகரம் தட்டி, பெயின்ட் அடித்து முடித்து, ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பின்சக்கரத்தின் இரும்புக் கையைக் கழற்றித் தரையில் சாக்கின்மேல் வைத்திருந்தார்.

"இத அமுக்கிப் பாரு பாப்பா."

மகள் கட்டைவிரலால் அழுத்தினாள். கறுப்பு ரப்பர் பன்னை அழுத்தியது போல உள்ளே போனது. ஓரம் உப்பி, வெடித்து, விரலில் கறையாக ஒட்டிக்கொண்டது.

"வண்டி வாங்கினப்ப புதுசாப் போட்டது, ஒரு வருசத்துல இப்படி ஆகாது. ஆயில்ல ஊறியிருக்குது. யாராச்சும் அடியில ஆயில் அடிச்சாங்களா?"

"இல்லண்ணா. நான் அடிக்க மாட்டேன். எஞ்சின்ல ஒரு லீக் இருந்துச்சு, கண்டுபிடிக்க முடியல."

"எஞ்சின் முன்னாடி இருக்குது. இது பின்னாடி." அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தார். அவரும் பிள்ளைகளும் எங்கள் கோவிலுக்குத்தான் வருகிறார்கள். வாட்டர் சர்வீஸ் மேடையில் குட்டி வண்டி நிற்பதைப் பார்க்காமலா இருந்திருப்பார்?

நான் அழுகின ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இரண்டு ரப்பர் பேண்டை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு வைப்பேன். மறுநாள் மண்ணெண்ணெயில் கிடந்ததை எடுத்து இழுக்கச் சொல்வேன். அறுந்ததும் வகுப்பே கைதட்டும். "ஏன்?" என்று கேட்பேன். தன்னைப் போன்ற ஒன்றைக் கண்டால் ரப்பர் அதை உள்ளே விட்டுக்கொள்ளும், உப்பும், பலம் போகும் என்று கடைசி பெஞ்சு வரை சொல்லும்.

"இதனாலதான் சுத்துச்சா?" என்று கேட்டேன்.

"இதனாலதான்னு எழுதிக் குடுக்க மாட்டேங்க டீச்சர். மழையும் இருந்துச்சு. ஆனா புஷ் இப்படி இருந்தா, வளைவுல கால எடுத்த ஒடனே பின்சக்கரம் தானா திரும்பும். நாம ஒரு பக்கம் திருப்புனா அது ஒரு பக்கம் திருப்பும். என் கையில இருந்தாலும் சுத்தியிருக்கும்."

மகள் இதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. "நான் கால எடுக்காம இருந்திருக்கணும்ணா," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எப்படிப் போனதென்று கேட்டால், ஆய்வகத்தில் இரண்டு பிப்பெட் உடைத்தேன், ஒரு வகுப்பில் நடத்தின பாடத்தையே திரும்ப நடத்தினேன். மகளுக்கு வாட்ஸப்பில் எழுதுவேன், அழிப்பேன். "எழுதிக்கிட்டே இருக்கியே, என்னமா?" என்று அவளே கேட்டாள். "சாப்டியா?" என்று அனுப்பினேன்.

கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும்போது, இதையும் சொல்லிப் பார்த்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஆயிலா?" என்றார்.

"ஆமாங்க சாமி."

"நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க. அது பாவத்துல வராது."

"அதுக்கப்புறம் சொல்லாம இருக்கறனே, அதுங்க?"

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மகள்கிட்ட சொல்லுங்க."

பரிகாரமாகச் செபம் ஏதாவது கொடுப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கொடுத்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் மறுபடி கூப்பிட்டார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பக்கத்தில் அந்த மூன்று துண்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை.

"எதப் போடறதுன்னு இன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம்," என்றார். வெள்ளையைத் தள்ளி வைத்தார். "இது ரேஸுக்கு. கல்லு மாதிரி. ரோட்டுல எறும்பு கெடந்தாலும் இடுப்புக்குத் தெரியும். வேண்டாம்." ஆரஞ்சை எடுத்தார். "இது யூரித்தேன். ரப்பர விடக் கெட்டி. ஆயில் கீயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாது, பத்து வருசம் கெடக்கும். ஆனா உன் வண்டியில பின்னாடி கை மேல கீழ மட்டும் போறதில்ல, கொஞ்சம் திருகிக்கிட்டே போகும். இது அதுக்கு வளைஞ்சு குடுக்காது. முட்டிக்கும். அதுக்குன்னு செஞ்சது ரப்பர்தான். கம்பெனிக்காரன் கூமுட்டை இல்ல."

"அப்ப ரப்பர் போட்டா என்ன?" என்றேன்.

"ஆயில் படாதுன்னா ரப்பர். படும்ன்னா யூரித்தேன். அவ்வளவுதாங்க கேள்வி." என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

மகள் துண்டுகளைத் தொடக்கூட இல்லை. "எல்லாத்துக்கும் ஆரஞ்சே போடுங்கண்ணா. ஆயில் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியல. போட்டு முடிச்சிட்டு விக்கறதுக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. வாங்கறவங்க நல்லா ஓட்டறவங்களா இருக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆரஞ்சு போட்டுவிடுவார்கள். இனி யார் என்ன ஆயில் அடித்தாலும் ஒன்றும் தெரியாது. வண்டி விற்றுப்போகும். நான் ஒரு வருடமாக வேண்டிக்கொண்டது தானாக நடக்கும். மகள் மட்டும் தன் கைகால் சரியில்லை என்று நம்பிக்கொண்டு, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள்.

"ரப்பர் போடுங்க," என்றேன். "ஆயில் படாது. நான் இனிமே அடிக்க மாட்டேன்."

பட்டறைக்கு வெளியே ஒரு டிராக்டர் போனது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னமா சொன்ன?"

"நான்தான். வாட்டர் சர்வீஸ்ல விட்டு அடிச்சேன். முதல் பூசைக்குப் போறப்ப."

"எத்தன தடவ?"

"அஞ்சு."

"நான் கேஸ்கட் மாத்தினேனே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"ரெண்டுந்தான்."

"சாவி?"

"உன் பையில இருந்து எடுத்தேன்."

"யாரு ஓட்டினது?"

"நான்தான்."

அவள் முகம் எப்படியோ ஆனது. "இதுல போகாத, அதுல போகாதன்னு என் உயிர வாங்கிட்டு, நீ ஓட்டினியா? எந்த கியர் வரைக்கும் போன?"

"மூணு." பிறகு, "பொம்மிடி ரோட்டுல ஒரு தடவ நாலு."

மெக்கானிக் சட்டென்று குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது. மகள் சிரிக்கவில்லை. "ஆறு மாசமா எல்லார்கிட்டயும் என் தப்பு என் தப்புன்னு சொல்லிட்டு இருந்தேன். பக்கத்துலதான நின்ன?" என்றாள். என் பதிலுக்கு நிற்காமல் வெளியே போனாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய், அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று வாரம் பேசவில்லை. நான் அனுப்பியவற்றுக்கெல்லாம் நீல டிக் மட்டும் விழுந்தது. மெக்கானிக் ஒருநாள் அந்த மூன்று துண்டுகளையும் என்னிடம் கொடுத்து, "வச்சுக்கோங்க டீச்சர், கிளாஸ்ல காட்டறதுக்கு ஆகும்," என்றார். கிண்டலா கரிசனமா என்று கேட்கத் துணிவில்லை.

நான்காவது வாரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு கனமான பெட்டி. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று, "பட்டறைக்கு வரியா? உன் வெயிட் வேணும்," என்றாள்.

பெட்டிக்குள் புது ரப்பர் புஷ்கள். எல்லாம் கறுப்பு. மதியம் வரை அவளும் மெக்கானிக்கும் ஒவ்வொன்றாக அழுத்தி உள்ளே ஏற்றினார்கள். போல்ட்டுகளைப் போட்டார்கள், ஆனால் இறுக்கவில்லை. பிறகு வண்டியைக் கீழே இறக்கி, அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்துக்கு மேல் நான்கு சக்கரத்திலும் நிற்கும்படி உருட்டி வைத்தார்கள்.

"இப்பத்தான் இறுக்கணுங்க," என்றார் மெக்கானிக். "ஜாக்கியில தூக்கி வச்சிருக்கறப்ப சக்கரம் தொங்கும். அப்ப இறுக்கிட்டா ரப்பர் அந்தத் தொங்கற நெலையிலயே புடிச்சிக்கும். கீழ எறக்கினதுல இருந்து நாள் பூரா முறுக்கிக்கிட்டே கெடந்து கிழிஞ்சு போகும். வண்டி நிக்கிற மாதிரி நிக்கணும். ஓட்டறவங்க எடையோட."

"அவ எடை எனக்கு இருக்குமா?"

"ரெண்டு கிலோ கூடத்தான் இருப்ப," என்றாள் மகள், பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே. மூன்று வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் கேலி.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் கீழே அவள் இருந்தாள். என் பாதத்துக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு தகடுதான். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டை நகர்ந்துவிட்டால்? ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தேன்.

"அம்மா, ஆடாத!"

"ஆடல."

"ஆடற. கீழ தெரியுது. நேரா உக்காரு, கையை மடியில வை."

வைத்தேன். அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்சு ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி முடித்ததும் டிக் என்று ஒரு சத்தம் சீட் வழியாக என் முதுகில் ஏறியது. எட்டு முறை அது வந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் இடையில் எனக்கு எங்கேயாவது அரித்தது, சொறியவில்லை. வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் அசையாமல் இருந்ததில்லை.

மேலே வந்தாள். முகத்தில் கிரீஸ். கதவைத் திறந்து, "இறங்கு," என்றாள். நான் மறுபக்கம் போய் ஏறப் போனேன்.

"இல்ல. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

"எங்க?"

"மஞ்சவாடி."

தூறல் போட ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரவில்லை. பட்டறையில் துடைக்க என்ன இருக்கிறது? அவர் ஸ்பேனர்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். "ஆயித்து, விடுங்க டீச்சர், அதுல ஆயில் இருக்கறது நல்லதுங்க," என்றார். இன்னும் வேகமாகத் துடைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து போன் அடித்தது. திரையில் அவள் பெயர். இருந்தும் இரண்டு முறை அடிக்கவிட்டுத்தான் எடுக்க முடிந்தது.

"கீழ வந்துட்டேன். அந்த இளநீர்க்கார அம்மா கடையில நிக்கறேன். நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க."

"வளைவுல…?"

"வேணும்னே ஒரு தடவ கால எடுத்துப் பாத்தேன்மா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நேராப் போச்சு. நான் திருப்பின பக்கம் போச்சு."

கையிலிருந்த ஸ்பேனரை மறுபடி துடைத்தேன். வேணும்னே எடுத்தாளாம். மழையில்.

"இருக்கியா?"

"இருக்கேன். மெதுவா வா."

"தெரியும், அதத்தான் சொல்லுவ," என்று வைத்துவிட்டாள்.

இப்போது மறுபடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த வண்டியில்தான் வருகிறாள். ஞாயிறு மதியம் நான் மறுபடி துடைக்கிறேன். முதல் பூசைக்கு நடந்தே போகிறேன். வாட்டர் சர்வீஸ்காரர் கூப்பிடுவார், "டீச்சர், குட்டி வண்டி வர்றதே இல்லீங்களே?" "தண்ணி மட்டும் போதுமாம்," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவேன். இன்றைக்கு அவள் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சேலம் தாண்டியிருக்க வேண்டும். கறுப்புத் துண்டை அழுத்திக்கொண்டே இதை எழுதுகிறேன். செய்தி இன்னும் வரவில்லை.